தென்தாத்திப்

என் தங்கை மகளின் கல்யாணத்தை 'டெஸ்டினேஷன் வெட்டிங்' என்றார்கள். அந்த டெஸ்டினேஷன், மலேசியாவில் எங்கள் ஊரான குளுவாங்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். வழியில் நிறுத்தித் தேத்தண்ணீர் குடித்தால் இன்னும் கொஞ்சம். மாவட்ட அலுவலகத்தில் வேலை பார்த்த காலத்தில், கூட்டத்துக்காக அதைவிடத் தூரம் போய்விட்டு வந்து வீட்டில் மதியச் சோறு சாப்பிட்டிருக்கிறேன். ஒருத்தரும் என்னை ட்ரோன் வைத்துப் படம் பிடிக்கவில்லை.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சிங்கப்பூரில் வேலை. மாப்பிள்ளை வீட்டார் சிங்கப்பூர்க்காரர்கள். எங்கள் ஊரில் கோயில் மண்டபம் உண்டு, அவர்கள் ஊரிலும் உண்டு. இரண்டையும் விட்டுவிட்டு, இரண்டு வீட்டாருக்கும் சமமாக அலைச்சல் தருகிற ஓர் இடமாகப் பார்த்துப் பிள்ளைகள் முடிவு செய்தார்கள். ஜோகூரின் கிழக்குக் கரையில் ஓர் உல்லாச விடுதி. வாழைமரம் கட்டக்கூடாது, பூச்சி வரும் என்றது விடுதி. பிளாஸ்டிக் வாழைமரம் அவர்களிடமே வாடகைக்கு இருந்தது, பிளாஸ்டிக் குலையோடு. ஓமம் வளர்க்கலாம், ஆனால் புகை அதிகம் வரக்கூடாது என்றார்கள். அதை நெருப்பிடம் யார் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் 'சேஜ் கிரீன்' நிறத்தில் உடுத்தி வர வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. அது வெற்றிலைப் பச்சையா பாசிப் பச்சையா என்று குடும்ப வாட்சப் குழுவில் ஒரு வாரம் சண்டை நடந்தது. கடைசியில் ஆளுக்கொரு பச்சையில் வந்து, எங்கள் சந்தையின் கீரைக்கடை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அது என் தங்கை.

அவள் புருஷன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். மகள் இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தங்கை அரசாங்க கிளினிக்கில் வேலை பார்த்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள். அவர் போனதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், தாலி கட்டும் நேரம் நெருங்கினால், யாரும் வாய் திறப்பதற்கு முன் அவளே எழுந்து பின்வரிசைக்குப் போய்விடுவாள். ஏன் என்று கேட்டால், "இங்கதாண்ணே ஃபேன் காத்து நல்லா வருது" என்பாள். அந்த மண்டபங்களில் பின்வரிசைக்கு மேலே ஃபேனே கிடையாது. பெற்ற மகள் கல்யாணத்திலும் இவள் இப்படி எழுந்து பின்னால் போய்விடுவாளோ என்பதுதான் எனக்கிருந்த கவலை.

நிகழ்ச்சியை வரிசைப்படுத்துவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த விடுதியின் காப்பிக்கடையில் கூடினோம். பெண், மாப்பிள்ளை, தங்கை, நான், என் மனைவி. கல்யாணத்தை நடத்திக்கொடுக்க அமர்த்தியிருந்த ஏற்பாட்டாளர் மடிக்கணினியோடு வந்தாள். ஜோகூர் பாருவைச் சேர்ந்த சின்னப் பெண். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். அதுவரை தேவாலயக் கல்யாணங்களும் ஹோட்டல் விருந்துகளும்தான் அவள் கையில் நடந்திருந்தன. நல்ல பிள்ளை, சுறுசுறுப்பான பிள்ளை. அதனால் அவள்மேல் முழுதாகக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

"மெயின் செரமனி ஈவினிங்ல வச்சிருக்கேன் அங்கிள். பின்னால சீ. அதுல சன் அப்படியே எறங்கும். அந்த டைம்லதான் தாலி," என்றாள்.

"எந்தக் கடல்லமா எறங்கும்?"

"இந்தக் கடல்தான் அங்கிள்."

"இது கெழக்குக் கடற்கரைமா. இங்க சூரியன் கடல்ல எறங்காது. பின்னால செம்பனைக் காட்டுலதான் எறங்கும்."

"அலமாக்," என்று அவள் ஜன்னலைப் பார்த்தாள். மாப்பிள்ளையும் பார்த்தார். அவர் பொறியாளர். இருவரும் கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து சரிபார்த்த பிறகுதான் சூரியன் விஷயத்தில் என்னை நம்பினார்கள். தாலி காலை வேளைக்கு மாறியது. பஞ்சாங்கமும் அதைத்தான் சொல்லியிருந்தது, அதை யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு வரியாக வந்தது. 'மணமகன் மணமகளை முதன்முதலாகப் பார்த்தல், பதினைந்து நிமிடம்.' படிக்கும் காலத்திலிருந்தே சேர்ந்து சுற்றியவர்கள். முதன்முதலாகப் பார்ப்பதற்குப் பதினைந்து நிமிடம் போதுமா, கூச்சம் தெளிய நேரம் வேண்டாமா என்று கேட்டேன். மனைவி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அடுத்தது, 'குடும்பத்தார் உணர்ச்சிவசப்படுதல், ஐந்து நிமிடம்.'

"அந்த அஞ்சு நிமிசத்துல அழுக வரலன்னா?"

"பஃபர் டைம் இருக்கு அங்கிள். வொரி பண்ணாதீங்க லா."

ஐயர் அனுப்பியிருந்த சடங்குக் குறிப்பில் 'அம்மி மிதித்தல், அருந்ததி பார்த்தல்' என்று இருந்தது. அதில் விரலை வைத்து, "அருந்ததி ஆன்ட்டி எந்த சைடு? டேபிள் போடணும்," என்றாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அவரும் பதிலுக்காகக் காத்திருந்தார். அது நட்சத்திரம் என்று நான் சொன்னதும், காலையில் நட்சத்திரம் தெரியாதே என்று இருவரும் கவலைப்பட்டார்கள். எல்லாக் கல்யாணத்திலும் பட்டப்பகலில்தான் அதைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதை அவர்களிடம் எப்படி விளக்குவது. விட்டுவிட்டேன்.

"நெக்ஸ்ட், ஹேண்டிங் ஓவர். பொண்ணோட அம்மா வந்து கையப் புடிச்சுக் குடுப்பாங்க, யா?"

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவள் கேட்டது தாரை வார்ப்பதைப் பற்றி. பெண்ணின் அப்பா மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்க, அம்மா அதன்மேல் தண்ணீர் வார்ப்பாள். அதற்குப் புருஷனும் பெண்சாதியுமாக இரண்டு பேர் வேண்டும். அப்பா இல்லையென்றால் அம்மாவும் வேண்டாம்; ஜோடியாக இருக்கிற மாமா மாமியோ பெரியப்பா பெரியம்மாவோ வந்து செய்துவிடுவார்கள். ஒரு சாவுக்கு இரண்டு பேரைக் கணக்கில் எடுக்கிற சாமர்த்தியம் நம்மவர்களுக்கு மட்டுமே உண்டு. எங்கள் குடும்பத்திலும் அதைப் பேசி முடித்தாகிவிட்டது. நானும் என் மனைவியும்தான் செய்வதாக ஏற்பாடு. அவள் அதற்கென்று சேலையும் எடுத்துவிட்டாள்.

இந்தப் பெண்ணுக்கு அதெல்லாம் தெரியாது. போன மாதம் ஒரு தேவாலயத்தில், அப்பா இல்லாத பெண்ணை அம்மா கைப்பிடித்து அழைத்து வந்ததைப் பார்த்திருக்கிறாள். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்து அந்த வரியை இங்கேயும் போட்டுவிட்டாள். எங்களில் விவரம் தெரிந்த ஒருவர் வாயிலும் அது வந்திருக்காது.

தங்கை தேத்தண்ணீரை ஊதி ஊதி ஆற்றினாள். அது ஐஸ் போட்ட தேத்தண்ணீர்.

"ஆமா, அம்மாதான்," என்றாள் மகள். ஏற்பாட்டாளர் தட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்கும் ஒரு குத்தல் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். தாய்மாமன் என்று பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது, செய்ய ஒன்றையும் விட்டுவைக்க மாட்டேன் என்கிறார்களே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு தங்கையைப் பார்த்தேன். அவள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஏற்பாட்டாளர் பிறகு அனுப்பி வைத்த அட்டவணை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கலர். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது கோலப்போட்டி மாதிரிதான் தெரியும். நானே உட்கார்ந்து தமிழில் தட்டினேன். மேலே பெரிய எழுத்தில் 'திருமணத் தென்தாத்திப்' என்று தலைப்பு வைத்து இரண்டு வீட்டாருக்கும் வாட்சப்பில் அனுப்பினேன்.

இந்தச் சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மலேசியாவில் அரசாங்க வேலை பார்த்தவர்களிடம் நிகழ்ச்சி நிரல் என்றால் விழிப்பார்கள். தென்தாத்திப் என்றால் உடனே புரியும். அது மலாய்ச் சொல். பள்ளி விளையாட்டுப் போட்டியாகட்டும், அமைச்சர் வருகிற விழாவாகட்டும், தென்தாத்திப் இல்லாமல் ஒரு நாற்காலி போடமாட்டோம். பணியில் இருந்த காலமெல்லாம் நான் தட்டிய தென்தாத்திப்புக்கு அளவே இல்லை. அதில் 'சிறப்பு விருந்தினர் வருகை' என்று போட்டுவிட்டால், விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் பள்ளிப் பிள்ளைகள் கொம்பாங் மேளத்தை அடித்துவிடுவார்கள். எங்களுக்கு அது முடிவானது. மேலதிகாரி பார்த்து, கையெழுத்துப் போட்டு, அச்சடித்தது. அதே சொல் ஆங்கிலத்தில் 'டென்டேட்டிவ்'. அங்கே அதற்கு இன்னும் முடிவாகாதது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தம். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கல்வெட்டு, அந்தப் பக்கம் கரும்பலகை.

மாப்பிள்ளையின் அம்மா சிங்கப்பூரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசமாட்டார். நான் அனுப்பியதைப் பார்த்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"சம்பந்தி, மாமா அனுப்புனத பார்த்தேன். தாரை வார்க்கிற எடத்துல ஒங்க பேரு இருக்கே. இது டென்டேட்டிவ்தானே?"

"ஆமாங்க சம்பந்தி. தென்தாத்திப்தான்," என்றாள் தங்கை.

"அப்ப சரிங்க. நான்கூட என்னமோன்னு நெனச்சிட்டேன்."

அவர் நிம்மதியாகப் போனை வைத்தார். தங்கையும் நிம்மதியானாள். "நல்ல மனசுண்ணே அவங்களுக்கு. ஒண்ணுமே சொல்லல," என்றாள். சிங்கப்பூர்க்காரர்கள் படித்தவர்கள், நம்மவர்கள் மாதிரி இல்லை என்று நானும் மூன்று பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். இரண்டு மொழியையும் வாழ்நாள் முழுக்கத் தட்டியவன் எனக்கே உறைக்கவில்லை. அந்த அம்மாள் அது முடிவாகாதது என்று நினைத்து மாற்று ஏற்பாட்டில் இறங்கியிருந்தார். தங்கை அது முடிவாகிவிட்டது என்று நினைத்துச் சேலை வாங்கப் போனாள்.

அந்தச் சேலையை எடுக்க அவளுக்கு மூன்று கடைகள் ஆயின. மணவறையில் எல்லார் கண்ணும் படுகிற மாதிரி நின்று எத்தனையோ வருடமாயிற்று. எந்த நிறம் தனக்குப் பொருந்தும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. கடைசியில் இளம்பச்சையில் சின்னச் சரிகை போட்டது ஒன்றை எடுத்தாள். கடைக்காரப் பெண்ணிடம், கேட்காமலே, "என் மக கல்யாணம். நாந்தான் தாரை வார்க்கிறேன்," என்று சொன்னாள். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். தன் புதுச் சேலையைப் பற்றி அப்புறம் அவள் பேசவில்லை.

கல்யாணத்தன்று விடியும்போதே மணலில் மணவறை தயாராக இருந்தது. நாதஸ்வரத்தைவிட ட்ரோன் சத்தம் கூட. காற்று அடித்த வேகத்தில் ஓமப்புகை போட்டோக்காரர்கள் பக்கமாகப் போனது. அதற்காவது புத்தி இருந்தது என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா வந்து எனக்கு வேட்டி துண்டும் என் மனைவிக்குப் பட்டுச்சேலையும் வைத்த தட்டைக் கையில் கொடுத்தார். தாய்மாமன் மரியாதை என்று வாங்கி, உடனே வேட்டியைக் கட்டிக்கொண்டேன்.

முகூர்த்தம் நெருங்கியது. தங்கை எழுந்தாள். எனக்குப் பகீரென்றது. ஆனால் அவள் பின்னால் போகவில்லை. நேராக மணவறைக்கு நடந்து போய், மகளுக்குப் பக்கத்தில் சொம்போடு நின்றாள்.

"பொண்ணோட மாமா, மாமி ரெண்டு பேரும் வாங்கோ. தாரை வார்க்கணும்," என்றார் ஐயர்.

எனக்குப் புரியவில்லை. என் மனைவி எழுந்தும் எழாமலும் நின்றாள். அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா மணவறைக்குப் போய்த் தங்கையின் முழங்கையை மெல்லப் பிடித்தார்.

"சம்பந்தி, நீங்க இப்படி வந்து ஒக்காருங்க. மாமாவும் மாமியும் செஞ்சிருவாங்க. ஐயருகிட்ட சொல்லிட்டேன்."

"அது நான் செய்யறதுங்க. தென்தாத்திப்ல இருக்கு."

"டென்டேட்டிவ்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாங்க. அதான் வந்து நிக்கிறேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணவறைக்கு வந்து சேர்ந்திருந்த எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. "எங்க ஊர்ல அதுக்கு முடிவானதுன்னு அர்த்தங்க. டைப் அடிச்சாச்சுன்னா மாறாது," என்றேன். ஒரு கல்யாணத்தின் நடுவில் நின்று அகராதி விளக்கம் சொல்கிற நிலைமை எந்தத் தாய்மாமனுக்கும் வந்திருக்காது.

அந்த அம்மாளின் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்லைங்க மாமா. நான் அதெல்லாம் பாக்கறவ இல்ல. ஆனா மத்தவங்க பேசுவாங்க," என்றார்.

இந்த மத்தவங்களை எனக்கு நன்றாகத் தெரியும். எல்லாக் கல்யாணத்துக்கும் வருவார்கள். எந்தப் பந்தியிலும் அவர்களை நேரில் பார்த்ததில்லை. யாரைக் கேட்டாலும், நான் இல்லை, மத்தவங்க என்பார்கள். தங்கை புருஷன் இறந்தபோது ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கி நின்றவர்களும் இந்த மத்தவங்கதான். கூப்பிட்டுச் சோறும் போட்டு இவர்களுக்குப் பயப்படுவதற்கு வீட்டில் நாலு நாய் வளர்க்கலாம், நன்றியாவது இருக்கும். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லத்தான் நினைத்தேன். தங்கை முந்திக்கொண்டாள்.

"பேசட்டுங்க சம்பந்தி. சாப்பாடு போட்டிருக்கோம். சாப்பிட்டுட்டுத் தெம்பா பேசட்டும்."

அவள் குரலில் சண்டை இல்லை. மாப்பிள்ளை திரும்பித் தன் அம்மாவைப் பார்த்து, "விடுங்கம்மா," என்றார். காதில் மைக் மாட்டியிருந்த ஏற்பாட்டாளர் ஓடி வந்து, "அங்கிள், நம்ம ரொம்ப லேட்டு," என்றாள். எல்லாவற்றுக்கும் காரணமான வரியைத் தட்டியவள் அவள்தான். என்ன நடக்கிறது என்றே அவளுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா முழங்கையை விட்டுவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

"சரி, அம்மா தீர்த்தம் விடட்டும்," என்றார் ஐயர், நேரத்தைப் பார்த்துக்கொண்டு. "அப்பா ஸ்தானத்துல யாரு? மாமா, நீங்க ஒக்காந்து பொண்ணு கையப் பிடிச்சுக்கோங்கோ."

நான் தயாராகத்தான் இருந்தேன். இது எனக்கு வர வேண்டியது, வந்துவிட்டது. அப்பாவுக்குப் போடுகிற பலகையின் முன்னால் முழங்காலை ஊன்றி, பெண்ணின் கைக்கு அடியில் என் கையை வைத்தேன். தண்ணீர் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்ணே, கைய எடுத்துக்குங்க," என்றாள் தங்கை.

"ஊத்துமா. நேரமாவுது."

"அது அவரு எடம்ணே. காலியாவே இருக்கட்டும்."

கையை எடுத்துக்கொண்டேன். மகள் தன் கையைத் தானே மாப்பிள்ளை கையில் வைத்தாள். தங்கை அந்தக் காலிப் பலகையைப் பார்த்தபடியே தண்ணீரை வார்த்தாள்.